வீட்டுக்கு ரிட்டன் கட்டு

தம்பி,

நீ தெல்தோட்டை பஸ்ஸுல போட்டு விட்ட கீரை மூட்டை வந்துருச்சு. மஹய்யாவயிலேருந்து கண்டி ஸ்டாண்டுக்கு நான்தான் போய் எடுத்துக்கிட்டு வந்தேன். த்ரீவீல்காரப் பையன் மூட்டையோட பருமனப் பாத்துட்டு, "என்னம்மா, மஹய்யாவயில கீரைக்கடை போடப் போறீங்களா?"ன்னு சிரிச்சான். நான் சிரிக்கல. எனக்கு இப்போ சிரிப்பு வர்றதே கொறைஞ்சு போச்சு. அன்னைக்கு போன்ல நீ சொன்னது இவ்வளவுதான்: "செல்விக்கு தெனம் சுண்டிக் குடும்மா, ரத்தம் ஊறும். அடுத்த கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்." நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வச்சுட்ட. ஒருத்தர் பேசுறத முழுசாக் கேக்குற பழக்கம் சின்ன வயசுலேருந்தே உனக்குக் கெடையாது. அதனாலதான் உக்காந்து எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க, கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஆனா கடைசி வரைக்கும் படி.

முக்கியமானத மொதல்ல சொல்லிடுறேன். செல்வி அடுத்த கிழமை வர மாட்டா. அதுக்கு அடுத்த கிழமையும் வர மாட்டா. வயித்துல இருக்குற புள்ள நல்லபடியாப் பொறந்து, அவளும் எழும்பி நடமாடுற வரைக்கும் எங்கூடத்தான் இருப்பா. மாமியார்க்காரி மருமகள மயக்கி வச்சுக்கிட்டான்னு அங்க லயத்து வீடுகள்ல பேசுறாங்களாம், காதுக்கு வந்துச்சு. பேசட்டும். மாமியாரும் மருமகளும் முடியப் புடிச்சுக்கிட்டுச் சண்ட போட்டா மட்டும் அவங்களுக்கு இனிக்குமாக்கும். தம்பி, அந்தப் புள்ளைக்கு ஒடம்புல ரத்தம் இல்ல. கண்ணு எமையக் கீழ இழுத்துப் பாத்தா வெள்ளக் காயிதம் மாதிரி இருக்கு. நாலு படி ஏறுனா செவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. போன வருஷம் ஒரு புள்ளையக் குடுத்துட்டோம். இந்த வருஷம் தாயையும் சேத்துக் குடுக்க நான் தயாரில்ல.

போன வருஷம் நடந்தத நீ மறந்திருக்க மாட்ட. ஆனா நீ நெனச்சு வச்சிருக்குற மாதிரி அது நடக்கலங்குறதுதான் எனக்குக் கவலை. மிட்வைஃப் அம்மா வீட்டுக்கு வந்து கிளினிக் அட்டையப் பாத்துட்டு, ரத்தம் கொறைவா இருக்கு, இந்த இரும்புச்சத்துக் குளிசைய விடாமப் போடணும்னு சொன்னப்போ நானும் அங்கதான் இருந்தேன். நீ வாசல்ல நின்னுக்கிட்டு, மண்வெட்டியில ஒட்டுன சேத்த வழிச்சுக்கிட்டே ஒரு வார்த்த சொன்ன: "எங்க வீட்டுல கீரைக்குப் பஞ்சமா மிஸ்? தோட்டம் பூராக் கீரை. கீரைக்காரன் பொண்டாட்டிக்கு ரத்தமில்லன்னு சொன்னா ஊரே சிரிக்கும்." அந்த அம்மாவும் சிரிச்சுட்டாங்க, ஆனா குளிசை முக்கியம்னு திரும்பவும் சொல்லிட்டுத்தான் போனாங்க. நீ அதக் காதுல வாங்கல. செல்விக்கும் அந்தக் குளிசை கொமட்டுச்சு. புருஷனே தேவையில்லன்னு சொல்லிட்டானேன்னு அவ அத அலுமாரிக்குள்ள வச்சுட்டு, நீ சொன்ன மாதிரி தட்டு நெறையக் கீரை தின்னா. காலையில வல்லாரைச் சம்பல், மத்தியானம் பொன்னாங்கண்ணிச் சுண்டல், ராத்திரிக்கு கங்குன் கீரை. தின்னு முடிச்ச கையோட நல்ல சாயமா ஒரு பிளேன்டீ. நம்ம சனத்துக்கு டீ இல்லாமச் சோறு எறங்குமா? மாடு மேயுற மாதிரி மேஞ்சா, பாவம். ஆனாலும் ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவ ரத்தம் எறங்கிக்கிட்டே போச்சு. உனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. எனக்கு மட்டும் இல்லையா? எனக்கும் வெளங்கலதான்.

இப்போ வெளங்குது. அவ தின்னது என்ன கீரை? யோசிச்சுப் பாரு. தோட்டத்துல வெட்டுற நல்ல கட்டெல்லாம் லொறிக்குப் போகும். நீளமா, ஒரே அளவா, பச்சப்பசேல்னு இருக்குறத எவனாவது வீட்டுக்கு எடுப்பானா? நம்ம வரிசையில கீரை போடுற எல்லா வீட்டுலயும் இதுதான் வழக்கம். சந்தையில விக்காமப் போனத லொறிக்காரர் ரெண்டு நாள் கழிச்சுத் திருப்பிக் கொண்டாந்து படிக்கட்டுல எறக்கிட்டுப் போவாரு. அந்த ரிட்டன் கட்டத்தான் நம்ம வீட்டுப் பொம்பளைக அவுத்து, அழுகுனதப் பொறுக்கிப் போட்டுட்டு ஆக்குவாங்க. அது வாடாம இருக்கணும்னு பீப்பாத் தண்ணியில ஊறப் போட்டு, சாக்கு நனைச்சு மூடி, திரும்ப ஊறப் போட்டு, வேர்ப்பக்கம் வழுவழுன்னு ஆகியிருக்கும். ஊருக்கெல்லாம் கீரை குடுக்குற வீட்டுல, வயித்துப் புள்ளைக்காரி தின்னது ஊரு வேணாம்னு தள்ளுனத. உங்கப்பா காலத்துலயும் இப்படித்தான், நானும் உன்ன அதத் தின்ன வச்சுத்தான் வளத்தேன். "விக்கிறத வீட்டுக்கு எடுத்தா வெளங்காது"ன்னு உங்கப்பா சொல்லுவாரு. அந்த மனுஷன் வெளங்குனதும் தெரியும், நம்ம வெளங்குனதும் தெரியும்.

அந்த ரிட்டன் மட்டும்தான் குத்தம்னா கூட நான் இவ்வளவு எழுத மாட்டேன். இங்க முன் ரூம்ல வாடகைக்கு இருக்குற கௌரி டீச்சரத் தெரியும்தானே, யாழ்ப்பாணத்துப் புள்ள, பள்ளிக்கூடத்துல விவசாயம் படிச்சுக் குடுக்குறவ. போன மாசம் நீ குடுத்து விட்ட கீரைய நான் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல வந்து உக்காந்தா. ஒரு தண்ட எடுத்து ஒடிச்சா. சடக்குன்னு ஒடிஞ்சு தண்ணி தெறிச்சுச்சு. "அம்மா, இதுக்கு யூரியா நல்லாப் போடினம் போல"ன்னா. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. "எம்மவன் வெட்டுன மறுநாளே கரைச்சு ஊத்துவான், அடுத்த வெட்டு சீக்கிரம் வரணுமே, அதுல என்ன?"ன்னு கேட்டேன். அவ சொன்னத அவ வாயாலயே சொல்றேன். "ஓம் அம்மா, வடிவா வளரும். ஆனா அந்த அவசரத்தில இலைக்குள்ள தண்ணிதான் கூடும். மண்ணில இருந்து எடுக்கிற சத்து அந்தளவு வேகமாக் கூடாது. ஒரு தேத்தண்ணிக்கு போட்ட சீனிய ஒரு குடம் தண்ணியில கரைச்ச மாதிரி. மேல நிழலுக்கு வலையும் கட்டினால் வெயில் குறையும், விற்றமின் சி-யும் குறையும். அந்த விற்றமின்தான் கீரையில இருக்கிற இரும்ப உடம்பு பிடிக்கிறதுக்கு உதவி செய்யிறது. பிறகு வெட்டி ரெண்டு மூண்டு நாள் தண்ணியில ஊறப்போட்டால் மிச்சமிருக்கிறதும் போயிடும்."

நான் நம்பல. உனக்காகத்தான் நம்பல, வேற எதுக்கு? எம்மவன் ஒழைக்குற ஒழைப்ப ஒருத்தி தண்ணின்னு சொல்லிட்டாளேன்னு கோவம். பின்பக்கம் பழைய பேசின்லயும் ஒடைஞ்ச சிமெண்டுத் தொட்டியிலயும் செல்வி பொன்னாங்கண்ணி ஊண்டி வச்சிருக்கா. வீட்டுக் குப்பையும் மாட்டெருவும் மட்டும்தான் போடுறோம். அது வளர்றதப் பாத்தா உனக்கு வெறுப்பாயிரும். கட்டையா, இலை சின்னதா, தண்டு செவந்துபோய், வெயில்ல நின்னு நின்னு கரும்பச்சையா. நீ பாத்தா புடுங்கி எறிஞ்சுருவ. அதுல கொஞ்சமும் உன் கீரையில கொஞ்சமும் எடுத்துக்கிட்டு முக்குக் கடைக்குப் போய் தராசுல சம எடையா நிறுத்தேன். கடைக்கார முஸ்லிம் நானா, "என்ன உம்மா, கீரையக் கீரைக்கே விக்கிறீங்களா?"ன்னு கேலி பண்ணுனாரு. கொண்டாந்து ரெண்டையும் தகரத்து மேல தனித்தனிக் காயிதத்துல காய வச்சேன். நல்லா சருகாக் காஞ்சதும் கையில அள்ளுனேன். பேசின் கீரை ஒரு கை நெறைய இருந்துச்சு. உன் கீரைய உள்ளங்கையில வச்சு மூடுனா மூடுனதே தெரியல. ரெண்டும் ஒரே எடையில போனதுதான், தம்பி. அத்தன பெரிய இலை, அத்தன பச்சை, எல்லாம் வெறும் தண்ணியா நின்னு சிரிச்சிருக்கு. நான் அந்தத் தகரத்துப் பக்கத்துலயே உக்காந்து அழுதேன். உன்ன நெனச்சு அழுதேனா செல்விய நெனச்சு அழுதேனான்னு எனக்கே தெரியல.

கீரைதான் நம்ம புள்ளையக் கொன்னுச்சுன்னு நான் சொல்ல வரல. தப்பா எடுத்துக்காத. கௌரியும் அப்படிச் சொல்லல. "கீரையில மட்டும் பழியப் போட ஏலாது அம்மா. எவ்வளவு நல்ல மண்ணில வளந்தாலும் கர்ப்பிணிக்குக் கீரை மட்டும் காணாது, குளிசையும் வேணும், மீன் முட்டையும் வேணும், சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கவும் கூடாது"ன்னு அவ தெளிவாத்தான் சொன்னா. ஆஸ்பத்திரியிலயும் என்ன சொன்னாங்க? நச்சுக்கொடி கீழ எறங்கி இருந்துச்சு, அதனாலதான் ரத்தம் கொட்டுச்சுன்னாங்க. அது விதி, யாரும் பண்ணது இல்ல. ஆனா அந்த டாக்டர் கடைசியா ஒண்ணு சொன்னாரே, அது உன் காதுல விழுந்துச்சா? ஒடம்புல ரத்தம் இருந்திருந்தா தாயாவது இப்படிச் சாவு வாசல் வரைக்கும் போயிருக்க மாட்டான்னாரு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். நம்ம சட்டி காலியா இருந்துச்சு. காலின்னு தெரியாம மூடி போட்டு மூடி, நெறைஞ்சிருக்குன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டு இருந்தோம்.

இதுல எனக்கு ஆறாத கோவம் ஒண்ணு இருக்கு. அது அந்தப் பாத்தி. போன வருஷம் செல்விக்கு அஞ்சாம் மாசம் நடக்கையில நான் அங்க வந்து நின்னேனே, அப்போ தண்ணி விழுற பீலிக்கு மேல, சும்மா கெடந்த அந்தத் துண்டு எடத்தக் கொத்தினேன். எனக்கு அப்போ இந்த யூரியாக் கதையெல்லாம் தெரியாது. மருந்து அடிக்காத கீரை வயித்துப் புள்ளைக்காரிக்கு வேணும், அவ்வளவுதான் என் கணக்கு. சாணம் சொமந்து போட்டேன், எலதழை வெட்டிப் போட்டேன். பொன்னாங்கண்ணி மெல்ல மெல்லத்தான் வந்துச்சு. நீ அந்தப் பக்கம் போறப்பல்லாம் "அம்மா, இது கீரையா, மூலிகையா? இந்த வேகத்துல வளந்தா புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போகையிலதான் வெட்டலாம்"னு கிண்டல் பண்ணுவ. செல்வி சிரிப்பா. நானும் சிரிப்பேன். அது வெட்டுக்கு வந்த வாரம்தான் அந்த அடை மழை புடிச்சுச்சு. தோட்டம் பூரா அழுகிப் போச்சு, ஊர்ல எங்கயும் கீரை இல்ல, கட்டு என்ன வெலன்னாலும் தாங்கன்னு லொறிக்காரர் வாசல்ல வந்து நின்னாரு. மேட்டுல இருந்ததால பீலிப் பாத்தி மட்டும் அழுகாம நின்னுச்சு. நான் கடைக்குப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள அத மொட்டையா வெட்டிக் கட்டிட்ட. ஒரு கைப்பிடி கூட விடல. கேட்டதுக்கு என்ன சொன்ன? "அம்மா, இன்னைக்கு விட்டா இந்த வெல எப்போ கெடைக்கும்? செல்விக்கு நாளைக்கு ரிட்டன் வரும்ல." அந்த மழையில ரிட்டன் கூட வரல, தம்பி. ஊரு எல்லாத்தையும் தின்னுருச்சு. அன்னைக்கு அவ பருப்பும் தேங்காச் சம்பலும் வச்சுத் தின்னா. ஒரு வார்த்த உன்ன எதுத்துப் பேசல.

நீயும் சும்மா ஆசைப்பட்டு அப்படிச் செய்யலன்னு எனக்குத் தெரியும். நான் உன் தாய். குத்தகைக் காசு கேட்டு காணிக்காரர் வாசல்ல நிக்கிறாரு, ஒரம் பசளை வெல ஏறிப் போச்சு, சந்தையில பொம்பளைகளும் ஆம்பளைகளும் நீளத் தண்டும் பெரிய இலையும்தான் கேக்குறாங்க. கட்டையா செவந்து இருந்தா முத்தல்னு தூக்கிப் போடுறாங்க. இந்தா, நானே இத்தன வருஷமா கண்டி மார்க்கட்டுல கீரை வாங்குறப்போ தளதளன்னு இருக்குறதப் பொறுக்கித்தான் எடுத்தேன். மெல்ல வளத்தவனுக்கு யாரு ஒரு சதம் கூடக் குடுத்தோம்? கண்ணுக்கு அழகா இருந்தாப் போதும், வயித்துக்கு என்ன போகுதுன்னு எவனும் கேக்குறதில்ல. வெளுத்ததெல்லாம் பால்னு சொல்றவங்கதானே நம்ம. உன் ஒருத்தன் தலையில எல்லாத்தையும் போட்டுட்டு நான் நல்லவளா ஒதுங்கிக்க மாட்டேன். ஆனா சந்தைக்காக வளக்குறது ஒண்ணு, பொண்டாட்டி வயித்துக்காக ஒரு பாத்தி விடுறது ஒண்ணு. சந்தை உன்னய மொதலாவதப் பண்ணச் சொல்லிக் கழுத்தப் புடிக்குது, சரி. ரெண்டாவதப் பண்ணாதன்னு எந்தச் சந்தை சொல்லுச்சு?

புள்ளையப் பொதச்சுட்டு வந்த அன்னைக்கு நீ தேயிலைக்குள்ள போய்த் தனியா உக்காந்து அழுதத நான் பாத்தேன். உனக்குப் பாசம் இல்லன்னு யாராவது சொன்னா அவங்க வாயக் கிழிப்பேன். ஆனா வீட்டுக்குள்ள வந்து செல்விக்கிட்ட நீ சொன்னது, "சரி விடு, ஒடம்பத் தேத்திக்க, அடுத்ததப் பாத்துக்கலாம்." ஆறுதலாத்தான் சொன்ன, எனக்குத் தெரியும். வெட்டுன பாத்தி திரும்பத் தழைக்குற மாதிரி பொம்பள ஒடம்பும் தழைச்சுரும்னு நெனச்சுட்ட. நீ வளக்குற பாத்தியே பாரேன். வெட்ட வெட்ட யூரியா ஊத்தி எழுப்பிக்கிட்டே இருக்க, மேல பச்சையாத்தான் வருது. மண்ண ஒரு பிடி அள்ளிப் பாத்தியா எப்பவாவது? உங்கப்பா காலத்துல அந்த மண்ணு கையில ஒட்டும், புழு நெளியும். இப்போ காஞ்சா கல்லு, நனைஞ்சா களி. போன தடவ வந்தப்போ ஒரு மண்புழுவ நான் காணல. செல்வியும் இப்போ அப்படித்தான் இருக்கா. வெளிய பாத்தா சிரிச்ச மொகம், மஞ்சளப் பூசிக் குளிச்சுட்டு வந்தா லட்சணமா இருக்கா. உள்ள ஒண்ணுமில்ல.

செல்வி இங்க வந்த நாள்லேருந்து குளிசைய நான் கையில குடுத்து, முழுங்குறதப் பாத்துட்டுத்தான் நகருறேன். கொமட்டுதுன்னா, சாப்பாட்டுக்கு நடுவுல போடுறதா, படுக்கப் போகையில போடுறதான்னு கிளினிக்குல கேட்டு மாத்திக்கிட்டோம். நெத்தலிய வறுத்துப் பொடிச்சு எல்லாத்துலயும் போடுறேன். முட்டை குடுக்குறேன். கீரையும் குடுக்குறேன், குடுக்காம இல்ல. பேசின்ல இருந்து வெட்டி, வெட்டுன நேரத்துக்கு அடுப்புல வச்சு, ரொம்ப வேகாம எறக்கி, தேசிக்காய்ப் புளி புழிஞ்சு. டீய ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல தள்ளி வச்சுட்டேன். அதுக்குத்தான் எம்மேல அவளுக்குக் கோவம். "மாமி, டீ இல்லாம நான் செத்துருவேன்"னா. "டீயால சாகாமப் பாத்துக்கத்தான்டி இருக்கேன்"னு சொன்னேன். சாவுங்குற வார்த்தைய வெளையாட்டுக்குச் சொல்லுற வீடு இல்ல இப்போ நம்ம வீடு.

உனக்கு நான் சொல்றதெல்லாம் கொஞ்சம்தான். பொறக்கப் போற புள்ளையோட அவ என்னைக்காவது அங்க திரும்பி வரணும்னா, பால் குடுக்குற ஒடம்புக்கு ஒரு பாத்தி வேணும். பீலிக்கு மேல அதே எடத்துல போடு. குப்பையும் எருவும் போடு, யூரியாவக் கிட்டக் கொண்டு போகாத. வலை கட்டாத, வெயில்ல நிக்கட்டும். மெல்லத்தான் வரும், கிண்டல் பண்ணாம இரு. வெலை ஏறுனாலும் அதுல கை வைக்காத, லொறிக்காரர் கால்ல விழுந்தாலும் வைக்காத. முடிஞ்சா மத்த பாத்தியிலயும் வருஷத்துக்குக் கொஞ்சமா எருவ ஏத்தி யூரியாவ எறக்கிப் பாரு. ஒரே நாள்ல நிறுத்துன்னு நான் சொல்லல. அரசாங்கம் தடுத்து திடீர்னு பசளை இல்லாமப் போனப்போ ஊரு பட்ட பாட்ட நம்ம எல்லாரும் பாத்தோம்தானே. சந்தையில உன் கட்ட வாங்கிட்டுப் போறவளுக்கும் ஒரு வயிறு இருக்கு. ரத்தம் ஊறும்னு நம்பித்தான் அவளும் வாங்குறா. அவ யாருன்னு உனக்குத் தெரியாது, அதனால மனசு உறுத்தல. செல்விய உனக்குத் தெரியும்.

நேத்து கிளினிக்குக்குப் போயிருந்தோம். ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா போதாதாம். டாக்டர் அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, போன வருஷத்துக் கதையெல்லாம் கேட்டாரு. இந்தத் தடவையும் அப்படி ரத்தம் போனா தாங்குற ஒடம்பு இல்ல, ஒரு சொட்டு பட்டாலும் ஒடனே கூட்டிட்டு வாங்கன்னு சிங்களத்துல எங்கிட்டத்தான் சொன்னாரு. செல்விக்கு என்ன விட நல்லாச் சிங்களம் வெளங்கும்னு அவருக்கு எங்க தெரியும்? அவ சுவத்துல ஒட்டியிருந்த படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் நர்ஸ் நோனா பேனாவ எடுத்துக்கிட்டு, அவசரம்னா யாருக்குப் பேசணும், புருஷன் மஹத்தயாவோட நம்பரச் சொல்லுன்னு கேட்டா. உன் நம்பர் செல்விக்கு மனப்பாடம், தூக்கத்துல தட்டிக் கேட்டாலும் சொல்லுவா. அவ என் நம்பரச் சொன்னா. நர்ஸ் எழுதிக்கிட்டா.

வெளிய வந்து அவ செருப்ப மாட்டிக்கிட்டு இருக்கையில கேட்டேன்: "ஏன்டி, புருஷன் நம்பரக் கேட்டா மாமியார் நம்பரக் குடுக்குற? அவன் மேல அவ்வளவு கோவமா?" கோவம் இல்ல மாமின்னா. கொரல்ல கோவம் இல்லதான், பஸ் எத்தன மணிக்குன்னு சொல்லுற மாதிரித்தான் சொன்னா. "அன்னைக்கு ரத்தம் போனப்போ அவருக்குத்தான் மொதல்ல பேசினேன். எடுத்தாரு. சொன்னேன். லொறி நிக்கிது, மிச்சக் கட்ட ஏத்திட்டு வந்துர்றேன்னாரு. கீழ் வீட்டுக்காரங்க வந்து தூக்குற வரைக்கும் நான் கதவப் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

ஒரு வருஷமா அந்தப் புள்ள இத யாருக்கிட்டயும் சொல்லல. உனக்கு போன் வந்ததே தெரியாதுன்னுதான் நீ எங்கிட்டச் சொல்லியிருந்த.

அம்மா